அண்ணன் ஏறினான், தம்பிக்குக் காத்திருந்தோம்

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பழைய ஆய்வறையிலிருந்து எனக்கு அவ்வப்போது போன் வரும். பெரும்பாலும் ஏதாவது பழைய கோப்பு எந்தக் கணினியில் கிடக்கிறது என்று கேட்பார்கள். போன மாதம், புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வேறொன்று கேட்டாள். "மேடம், அந்த ரெட்டைக் குவேசாருக்கு நீங்கள்லாம் ஒரு வருஷத்துக்கு மேல சும்மா வெயிட் பண்ணீங்களாமே? டேட்டா கையில இருந்துச்சுல்ல, பேப்பர் எழுதியிருக்கலாமே?" இப்போதெல்லாம் காலையில் வந்த டேட்டாவை மாலைக்குள் நிரலே அலசி, எங்கே ஒளி எகிறியிருக்கிறது என்று சிவப்பில் காட்டிவிடுகிறதாம். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் 'சும்மா' என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. போனில் பதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் மண்ணூர்க்காரி. பெயர் ரெஜினா. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு, அம்பத்தூரில் சுவிட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் பல வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். 2006இல், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் துறைக்கு டெக்னீஷியன் வேண்டுமாம் என்று எங்கள் பங்குக் கோயிலில் யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் கணினிகளைத் தூசி தட்டியதும் லினக்ஸ் கட்டளைகளை மனப்பாடம் செய்ததும்தான் நான் கற்ற பாடம். ஒரகடம் சுற்று வட்டாரம் முழுக்கத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். தூசிக்குப் பஞ்சமே இல்லை.

என் மேலதிகாரி பேராசிரியர் தணிகாசலம் சார். குன்றத்தூர்க்காரர். வகுப்பில் அவர் பேசும் ஆங்கிலம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். வகுப்பை விட்டு வெளியே வந்தால் "இன்னாம்மா, கரண்டு வந்துச்சா?"தான். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினால், "நிறுத்தாத, சொல்லு" என்பார். சரி என்றோ தப்பு என்றோ அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கேள்விதான் கேட்பார். அதையும் ஒரு தடவைதான் கேட்பார். எனக்கு நேர்மாறான சுபாவம். எனக்குக் கோபம் வந்தால் மாடி முழுக்கக் கேட்கும்.

எங்கள் ஆய்வறையில் நடந்த வேலை, தொழிற்சாலைகளுக்கு நடுவே யாரும் எதிர்பார்க்காத வேலை. வெகு தூரத்திலுள்ள குவேசார்களிடமிருந்து வரும் எக்ஸ்-கதிர் எப்படிக் கூடுகிறது, எப்படிக் குறைகிறது என்று பார்ப்பது. குவேசார் என்றால் ஒரு தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி. அங்கே ராட்சதக் கருந்துளை ஒன்று சுற்றியிருக்கும் வாயுவை இழுத்து விழுங்கிக்கொண்டிருக்கும். விழுவதற்கு முன் அந்த வாயு சூடேறி ஒளிரும். கருந்துளைக்கு மிக அருகிலிருந்து எக்ஸ்-கதிர் கிளம்பும். அந்த ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் குறுக்கே இன்னொரு விண்மீன் மண்டலம் நின்றால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துவிடும். ஒரே குவேசார் நமக்கு இரண்டாகவோ நான்காகவோ தெரியும். இதை ஈர்ப்பு வில்லை என்கிறார்கள்.

எனக்கு இது ஆரம்பத்தில் மண்டையில் ஏறவே இல்லை. சார் ஜன்னல் வழியே ரோட்டைக் காட்டினார். ஷிஃப்ட் மாறும் நேரம், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"குன்றத்தூர்லேர்ந்து ஒரகடம் வர ரெண்டு ரூட்டு கீதில்ல? ஒண்ணு ஸ்ரீபெரும்புதூர் சுத்திகினு வரும், இன்னொண்ணு படப்பை வழியா வரும். ரெண்டு பஸ்ஸும் ஒரே நேரத்துல கெளம்புனாலும் முன்ன பின்னதான் வந்து சேரும். ஆனா ஊர்ல ஒரு சண்ட நடந்துச்சுன்னா, ரெண்டு பஸ்லயும் அதே சேதிதான் வரும். ஒண்ணுல மொதல்ல, இன்னொண்ணுல லேட்டா."

"சரி சார். ரெண்டாவது பஸ்ஸுல வராத சேதி மொத பஸ்ஸுல வந்தா?"

"அப்போ அது ஊர்ல நடந்தது இல்ல. வழில நடந்தது." அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவ்ளோதாம்மா நம்ம வேல."

உண்மையிலேயே அவ்வளவுதான். குறுக்கே நிற்கும் விண்மீன் மண்டலத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதில் ஏதோ ஒன்று ஒரு பிம்பத்தின் பாதையில் மட்டும் குறுக்கிட்டால், அந்தப் பிம்பம் மட்டும் பெரிதாகி ஒளிரும். இது வழியில் நடந்தது. குவேசாரே பொங்கியிருந்தால் எல்லாப் பிம்பமும் அதனதன் நேரத்தில் ஒளிரும். இது ஊரில் நடந்தது. ஊரில் நடந்ததா, வழியில் நடந்ததா என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்த அறையில் பல வருடம் ஓட்டினோம்.

வேலை முறையைச் சொல்கிறேன். விண்வெளியில் சுற்றும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி எடுத்த பதிவுகளை வெளிநாட்டுச் சேமிப்பகத்திலிருந்து இறக்க வேண்டும். அது போட்டோ மாதிரி வராது. வந்து விழுந்த ஒவ்வொரு எக்ஸ்-கதிர்த் துணுக்குக்கும் ஒரு வரி இருக்கும். எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றல் என்று மூன்று விவரம். பல மணி நேரம் பார்த்தாலும் ஒரு பிம்பத்துக்குச் சில நூறு துணுக்குகள் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். பிம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே விழுந்ததை எண்ண வேண்டும். பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் இன்னொரு வட்டம் போட்டு, அங்கே தானாக விழுந்ததைக் கழிக்க வேண்டும். பக்கத்துப் பிம்பத்திலிருந்து சிந்தி வந்ததையும் கழிக்க வேண்டும். ஒரே பதிவை இரண்டு பேர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் எண்ணுவோம். அதில் ஒருத்தி எப்போதும் நான். கண்ணுக்கே தெரியாத சுவிட்ச் விரிசலைப் பார்த்துப் பழகியவள் என்பதால் எனக்கு அந்தப் பொறுமை இருந்தது.

இதற்கெல்லாம் மேலே சார் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. வேறு எந்த ஆய்வறையிலும் அதை நான் கேள்விப்பட்டதில்லை. புதிய பதிவைத் திறப்பதற்கு முன், அதைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: என்ன வந்தால் நான் தோற்றேன் என்று. இப்படி வந்தால் நான் சொன்னது சரி என்று யாராவது ஆரம்பித்தால் சார் கையை உயர்த்திவிடுவார். "அத்த அப்பறம் பாத்துக்கலாம். தோக்குற எடத்தச் சொல்லு." எவ்வளவு பெரிய வட்டம் போட்டு எண்ணப்போகிறோம், எவ்வளவு கூடினால் கூடியதாகக் கொள்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். சொன்ன பிறகு மாற்றக் கூடாது. தோற்றவர் எழுந்து நின்று "தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கல்லூரி வாசல் கடையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித்தர வேண்டும்.

படித்தவர்களுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சாரே தோற்றதைப் பார்த்தேன். நான்கு பிம்பம் கொண்ட ஒரு குவேசாரில் ஒரு பிம்பம் மங்கிக்கொண்டே வந்தது. நடுவிலுள்ள மண்டலத்தின் வாயு மறைக்கிறது என்பது சாரின் கருத்து. மறைப்பது வாயு என்றால் ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிர்தான் அதிகம் குறைய வேண்டும், இரண்டு வகையும் சமமாகக் குறைந்திருந்தால் நான் தோற்றேன் என்று சொன்னார். சமமாகத்தான் குறைந்திருந்தது. அந்தக் கருத்தை வைத்து அவர் ஏற்கெனவே ஒரு மாநாட்டில் பேசிவிட்டு வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல். சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தோத்துட்டேம்பா," என்றார். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. "வாங்க, வாழக்கா பஜ்ஜியா மொளகா பஜ்ஜியா?" தன் கருத்து தோற்றுவிட்டது என்று மாநாட்டு அமைப்பாளர்களுக்கு அன்று மாலையே எழுதினார். அன்றைக்குத்தான் நான் அந்த மனிதரை மனதார மதிக்கத் தொடங்கினேன்.

இசக்கிமுத்து எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. நாங்குநேரிப் பக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் நிரந்தர வேலையில் இருந்தவன். கல்லூரியில் சார் பேசிய பொதுக்கூட்டம் ஒன்றுக்கு ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தான். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தான். அவன் அம்மா அதற்கப்புறம் வெகு காலம் அவனோடு போனில் பேசவில்லை. அப்பா இல்லாத வீடு. நிரந்தர வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த அம்மா. பக்கத்து ஊரான வடக்குப்பட்டில், ஷிஃப்ட்டுக்குப் போகும் மூன்று தென்மாவட்டக்காரர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கும் அறை அது. வானத்துல பல்பு எரியுதான்னு பாக்குற வேலைக்கு ஓ.டி. உண்டாடே என்று அவர்கள் அவனைக் கிண்டல் செய்வார்களாம். அதை எங்களிடம் சொல்லி அவனே சிரிப்பான்.

அவன் எடுத்துக்கொண்டது இரண்டு பிம்பமுள்ள ஒரு குவேசார். முதலில் வந்து சேரும் பிம்பத்துக்கு அண்ணன் என்றும், ஒரு வருடத்துக்குச் சற்று மேலாகத் தாமதித்து வரும் மங்கலான பிம்பத்துக்குத் தம்பி என்றும் எங்கள் அறையில் பெயர். அண்ணன் இன்று காட்டுவதைத் தம்பி அடுத்த வருடம் காட்டுவான். அந்தத் தாமதம் எவ்வளவு என்பது சாதாரணத் தொலைநோக்கிகளால் முன்பே தெரிந்திருந்தது.

ஒருநாள் முற்பகல், புதிதாக வந்த பதிவை எண்ணிக்கொண்டிருந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது.

"யக்கா, எண்ணி முடிச்சிட்டியளா?"

"முடிக்காம பேசக் கூடாது இசக்கி."

"நான் முடிச்சிட்டேன். நீங்க முடிங்க. சீக்கிரம் முடிங்க!"

முடித்தேன். என் எண்ணிக்கையும் அவன் எண்ணிக்கையும் ஒத்துப்போயின. அண்ணன் வழக்கமாக இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எகிறியிருந்தான். அடுத்து வந்த பதிவில் இறங்கத் தொடங்கியிருந்தான். அதே சமயத்தில் சாதாரண ஒளியில் எடுத்த படங்களில் எந்த மாற்றமும் இல்லை. எக்ஸ்-கதிர் கிளம்பும் இடம் மிகச் சிறியது. சாதாரண ஒளி கிளம்பும் இடம் பெரியது. குறுக்கே வந்த நட்சத்திரம் சிறிய இடத்தைத்தான் அதிகம் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே இது வழியில் நடந்தது என்றான் இசக்கி. அவன் சொன்னது உண்மையானால் கருந்துளையின் வாசலில் அந்த எக்ஸ்-கதிர் கிளம்பும் இடம் எவ்வளவு சிறியது என்று அளந்தே சொல்லிவிடலாம். சில வாரங்களில் ஆய்வேட்டுக்கான அந்த அத்தியாயத்தை எழுதியும் முடித்துவிட்டான். நன்றாக எழுதியிருந்தான். எனக்கே புரிகிற மாதிரி இருந்தது.

சார் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தோக்குற எடம்?"

இசக்கி சொன்னான். "தம்பிதான் சார். இது குவேசாருலயே நடந்ததுன்னா, வருஷம் தாண்டி தம்பியும் ஏறணும். அண்ணன் ஏறுனதுல பாதிக்கு மேல ஏறிட்டாம்னா நான் தோத்தேன். வட்டம் இப்பம் போட்ட அதே பெரிய வட்டம்."

"ஏன் பெரிசு?"

"தம்பி மங்கலானவன். சின்ன வட்டம் போட்டா கொஞ்சந்தான் விழும். ஏறுனாலும் ஏறலன்னு சொல்லித் தப்பிச்சிரலாம்."

சார் கண்ணைத் திறந்தார். "இப்பவே ஜர்னலுக்கு அனுப்பணும்னா அனுப்பு. நான் தடுக்க மாட்டேன். உன் ஸ்காலர்ஷிப் முடியப் போவுதுன்னு எனக்கும் தெரியும். ஆனா மேல பாதிக் கதைன்னு எழுதி அனுப்பு."

அனுப்பிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். ஆனால் இசக்கி மறுப்பாகத் தலையாட்டினான். "கம்பெனியில டெஸ்ட் ரிசல்ட் வாரதுக்கு முன்னாடியே லாரி கெளம்பிரும் சார். அது புடிக்காமத்தான் வேலைய விட்டேன். இங்கயும் அதையே செய்யதுக்கு நான் அங்கயே இருந்திருக்கலாம். காத்திருக்கேன்."

இதைத்தான் அந்தப் பெண் சும்மா வெயிட் பண்ணினீர்கள் என்கிறாள். தம்பி ஏறுவதாக இருந்தால் எப்போது ஏறுவான் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே விட்டு விட்டுப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்தோம். வெளிநாட்டிலிருந்த சாரின் பழைய நண்பர்கள் துணை நின்றதால் கிடைத்தது. இசக்கியின் உதவித்தொகை நின்றது. பக்கத்து டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனான். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. ஜெனரேட்டரைக் கல்லூரி அலுவலகத்துக்கு மட்டும் போடுவார்கள். வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு நானும் அவனும் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அதே வட்டத்தில் மறுபடி எண்ணினோம்.

காத்திருப்பின் நடுவில் அடி விழுந்தது. ஐரோப்பாவில் ஒரு குழு அதே பதிவைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து, அதே முடிவை எழுதி வெளியிட்டுவிட்டது. குறுக்கே வந்த நட்சத்திரம், வழியில் நடந்தது, எக்ஸ்-கதிர் கிளம்பும் இடம் இவ்வளவு சிறியது. இசக்கி எழுதி வைத்திருந்ததுதான். அவர்கள் பெயரில் இருந்தது. இசக்கி அதைத் திரையில் படித்துவிட்டு, "போச்சுல்லா," என்று மட்டும் சொன்னான்.

சார் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்து, அதிலுள்ள வரைபடம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எங்களுக்கு ரசித்துக் காட்டினார். அதோடு நிற்கவில்லை. அந்தக் குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதி, தம்பியைப் பார்க்க எங்களுக்குத் தொலைநோக்கி நேரம் கிடைத்திருக்கிறது, இன்னின்ன சமயத்தில் பார்க்கப்போகிறோம் என்று தெரிவித்துவிட்டு, அதை எங்களிடமும் சொன்னார்.

"அவியளுக்கு எதுக்கு சார் சொன்னிய?" இசக்கியின் குரல் உடைந்திருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கென்ன சார், நீங்க ப்ரொஃபசர். மாசம் பொறந்தா சம்பளம். இவன் பாயிலகூட முறை வச்சிப் படுக்குறான். இவன் சோத்துல மண்ணப் போட்டவங்களுக்கு லெட்டர் எழுதிகினு இருக்கீங்க!" மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

சார் கோபப்படவில்லை. "உன் கோவம் நாயம்தான் ரெஜினாம்மா," என்றார். "ஆனா அவுங்களும் தோக்குற எடத்தத் தெரிஞ்சிக்கணும்ல? நமக்கு மட்டும் தெரிஞ்சா அது பொறி வெக்கிற மாதிரி ஆயிடும். வானம் இன்னா நம்ம வூட்டுச் சொத்தா?" அன்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. வீட்டுக்குப் போய் அவரைத் திட்டிக்கொண்டேதான் சமைத்தேன். அடுத்த மாதமே, இசக்கியின் ஆராய்ச்சிப் பதிவுக் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லி அவர் பல்கலைக்கழகத்துக்குப் பல முறை போய்க் காத்துக் கிடந்ததை எங்கள் துறை பியூன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்களிடம் அவர் மூச்சுவிடவில்லை.

தம்பியின் முதல் பதிவு வந்தது. ஒன்றும் இல்லை. அமைதியாக இருந்தான். இசக்கி முகத்தில் வெகு காலத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. இரண்டாவது பதிவும் ஏறக்குறைய அப்படியே, ஒரு துளி கூடுதல். மூன்றாவது பதிவு மத்தியானம் வந்தது. இறக்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சிட்டுக்கொண்டிருக்க, அது தாங்குமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தாங்கியது.

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து எண்ணினோம். பெரிய வட்டம். பக்கத்து வட்டத்தைக் கழித்தேன். அண்ணனிலிருந்து சிந்தியதைக் கழித்தேன். விடையைப் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். தம்பி ஏறியிருந்தான். அண்ணன் ஏறியதில் பாதிக்கு மேல், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். இசக்கி திரையில் வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான். இன்னும் சின்னதாக்கினான். அதில் விழுந்த துணுக்குகள் கொஞ்சம்தான். அவ்வளவு கொஞ்சத்தை வைத்து ஏறியது என்றும் சொல்லலாம், ஏறவில்லை என்றும் சொல்லலாம்.

"சின்ன வட்டம் போட்டா நிச்சயமாச் சொல்ல முடியலக்கா," என்றான். என்னைப் பார்க்கவில்லை. "சிந்துனது சரியாக் கழியலன்னு ஒரு வரி எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாவ. அந்த ஐரோப்பாக்காரங்களும் நம்ம பக்கந்தான நிப்பாவ."

உண்மையைச் சொல்கிறேன், அப்படியே எழுதிவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவ்வளவு வருடம், அவ்வளவு வியர்வை. அம்மா பேசாமல் இருந்த அவ்வளவு நாள். அந்த நேரம் சார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். சின்ன வட்டத்தைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றுமே கேட்கவில்லை. எப்போதும் கேட்கும் அந்த ஒரு கேள்வியைக்கூட அன்று கேட்கவில்லை. மின்விசிறி நின்றுபோன அறையில் நாங்கள் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு இருந்தோம்.

இசக்கி வட்டத்தைப் பெரிதாக்கினான். பழைய அளவுக்கே கொண்டுவந்தான். எழுந்து நின்றான். "தோத்துட்டேன் சார்," என்றான்.

சார் கண்ணைத் திறந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் அழுதே விட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு அவன் கொடுத்த விலையை என்னால் தாங்க முடியவில்லை.

வழக்கம் வழக்கம்தான் என்று இசக்கியே பிடிவாதம் பிடித்து எங்களைக் கடைக்கு அழைத்துப் போனான். கார் ஏற்றிய நீள லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. பாதி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு இசக்கி திடீரென்று அசையாமல் நின்றான்.

"யக்கா, ரெண்டாவது பதிவுல தம்பி ஒரு துளி கூடியிருந்தாம்லா?"

"ஆமா."

"அது ஆரம்பம்! அண்ணன் ஏறும்போது நமக்கு யாருக்கும் தெரியாது. நாம பாக்கையில அவன் ஏறி முடிச்சி இறங்கப் போறான். ஏற ஆரம்பிச்சத ஒருத்தரும் பாக்கல. தம்பி எப்பம் வருவாம்னு தெரிஞ்சி, வாசல்லயே காத்துக் கெடந்து, ஆரம்பத்துலேர்ந்து பாத்திருக்கோம் சார்! கருந்துளைக்குப் பக்கத்துல நடந்தது, ரெண்டாவது தடவ, முதல்லேர்ந்து!"

சார் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "சொல்லு, சொல்லு, நிறுத்தாத," என்றார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எல்லோருடைய கண்ணிலிருந்தும் தப்பிப்போன ஒன்றைப் பிரபஞ்சம் இன்னொரு தடவை நடத்திக் காட்டும் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. நாங்கள் முன்கூட்டியே நேரம் கேட்டு வைக்காமல் விட்டிருந்தால் அதுவும் யாருக்கும் தெரியாமல் கடந்து போயிருக்கும். ரோட்டோரத்தில் நின்று அவன் விரலால் காற்றில் வளைகோடு வரைந்து வரைந்து பேசியதை இப்போது நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மிச்சமிருந்த பதிவுகளிலும் தம்பி அண்ணன் இறங்கிய அதே வழியில் இறங்கினான். ஐரோப்பியக் குழுவின் தலைவர் சாருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தங்கள் கட்டுரை தவறு என்பதை ஒப்புக்கொண்டு, முன்கூட்டியே தெரிவித்ததற்கு நன்றி சொல்லியிருந்தார். சார் எழுதிய கடிதத்துக்காக நான் அவரைத் திட்டியதை நினைத்துக்கொண்டேன். திட்டியதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. இசக்கி தன் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். முன்பு எழுதியதைவிடக் கனமாக இருந்தது.

2015இல் அவனுடைய வாய்மொழித் தேர்வு நடந்தது. கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அவனுடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். புதுச் சேலை, கையில் ஒரு கட்டைப்பை. என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாம் ஆங்கிலம். அம்மா பையைப் பிடித்த பிடியை விடாமல் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் சார் எழுந்து, "அவனோட அம்மா வந்திருக்காங்க. ரெண்டு நிமிஷம் அவுங்களுக்கும் தமிழ்ல சொல்லட்டும்," என்றார்.

இசக்கி அம்மாவைப் பார்த்தான். "எம்மா, தூரத்துல ஒரு வெளிச்சம் கூடிச்சி. அது ஏன் கூடிச்சின்னு நான் ஒண்ணு சொன்னேன். வருஷக்கணக்கா அதையேதான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. தப்புன்னு நானே கண்டுபிடிச்சி எழுதிருக்கேன்," என்றான். தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். கூடமே எழுந்து தட்டியது. சார் தட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, எம்புள்ள தப்பாப் போச்சிங்கானே? இத்தன பேரு முன்னாடி எந்திச்சி நின்னு சொல்லுதானே? இனி பட்டம் குடுப்பாவளா?"

"அப்படிச் சொன்னான் பாருங்க, அதுக்குத்தாம்மா குடுக்குறாங்க," என்றேன்.

என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார், நான் விளையாடவில்லையே என்று. பிறகு கட்டைப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"அப்பம் நானும் கைதட்டலாமா?"